அப்டேட் போட்டதும் போட்டோஸ் அசைய மறுக்கிறதா? ஹாட்டிஸ்க் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்

அம்மப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். வியாழக்கிழமைக்குள் படம் வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லியிருந்தார்கள். செவ்வாய் இரவு என் மக்புக் (அப்பிள் லப்டொப்), அப்டேட் போடட்டுமா என்று கேட்டது. நித்திரை மயக்கத்தில் ஓம் என்று அமத்திவிட்டுப் படுத்துவிட்டேன். புதன் காலை, படங்களை வைத்துப் பார்க்கும் போட்டோஸ் செயலியைத் திறந்தால் வண்ணச் சக்கரம் ஒன்று சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. "என்ன மனே, அம்மப்பாட படமெல்லாம் அழிஞ்சு போயிற்றா?" என்று பெரியம்மா கேட்டபோது எனக்கு வாயில் ஈரமில்லை.

படங்கள் அழியவில்லை. ஆனால் அந்தப் பதற்றத்தில் நான் செய்த வேலைகளால் அழிந்திருக்கலாம். கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்த பழைய அல்பங்களை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோய்விட்டது. சொந்தக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்த படங்கள்தான் இந்த லப்டொப்பில் இருந்தன. ஆகவே நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

இது மக் வைத்திருப்பவர்களுக்கானது. குறிப்பாக சுவிஸிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணனோ மச்சானோ பாவித்துவிட்டு அனுப்பிய மக்கை வைத்திருப்பவர்களுக்கு. விண்டோஸ்காரருக்குக் கடைசிக்குக் கிட்ட ஒரு சிறு பகுதி வைத்திருக்கிறேன். உங்கள் பிரச்சினை இவ்வளவு பெரிதல்ல.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

மக்கில் நுழையும் பாஸ்வேட் உங்களுக்குத் தெரிய வேண்டும். விரலை வைத்துத் திறந்து பழகியவர்கள் இதை மறந்திருப்பார்கள். ரிப்பேர் வேலைகளுக்கு விரல் மட்டும் போதாது.

அடுத்தது அப்பிள் கணக்கின் பாஸ்வேட். அதோடு, அந்தக் கணக்குக்குரிய ஆறு இலக்கக் குறியீடு எந்தப் போனுக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். என் கணக்கைத் தொடங்கித் தந்தது அண்ணன். குறியீடு போனது அவருடைய சுவிஸ் இலக்கத்துக்கு. இங்கே காலை எட்டு மணி என்றால் அங்கே அவர் படுக்கையில். மத்தியானம் எடுத்தால் வேலையில் நின்று, "மறுகா கதைக்கிறன்" என்கிறார். கணக்கில் உங்கள் சொந்த இலக்கத்தையும் சேர்த்து வைப்பதற்கு இரண்டு நிமிடம்தான் போகும். அதை இன்றைக்கே செய்யுங்கள், போட்டோஸ் நன்றாக வேலை செய்தாலும்.

மூன்றாவது, வாங்கிய ரசீது. வெளிநாட்டிலிருந்து வந்த மக் என்றால் ரசீதின் படத்தையாவது வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வைத்திருங்கள். பழைய சொந்தக்காரரின் கணக்கில் மக் பூட்டுப்பட்டிருந்தால், உங்களுடையது என்று நிரூபிக்க அந்தக் காகிதம் வேண்டும். மூலையிலுள்ள அப்பிள் அடையாளத்தை அமத்தி 'எபவுட் திஸ் மக்' என்பதைத் திறந்தால் சீரியல் இலக்கம் இருக்கும். அதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

கடைசியாக, வெளி ஹாட்டிஸ்க் ஒன்று. அதைப் பற்றிப் பிறகு நிறையப் பேச இருக்கிறது.

2. ஓர் இரவு சும்மா விடுங்கள்

இதுதான் கஷ்டமான படி. நான் தோற்றது இங்கேதான்.

பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு முதல் தடவை திறக்கும்போது போட்டோஸ் உங்கள் லைப்ரரி (படங்களெல்லாம் இருக்கும் பெட்டி) முழுவதையும் புதிய முறைக்கு மாற்றும். ஆயிரம் படம் என்றால் கண் மூடித் திறப்பதற்குள் முடியும். எனக்கு நாற்பதாயிரம். அந்த வேலை நடக்கும்போது ஒரு கோடு மெல்ல மெல்ல நிறையும். அந்தக் கோடு தெரிந்தால் எதையும் தொடாதீர்கள்.

கோடும் இல்லை, சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்றால், அப்ளிகேஷன்ஸ் என்பதற்குள் யூட்டிலிட்டீஸ், அதற்குள் அக்டிவிட்டி மொனிட்டர். அதில் சிபியு பக்கத்தைப் பாருங்கள். 'போட்டோலைப்ரரிடி', 'போட்டோஅனாலிசிஸ்டி', 'மீடியாஅனாலிசிஸ்டி' என்று வால் எழுத்தோடு முடியும் பெயர்கள் மேலே நின்று பெரிய எண் காட்டினால், உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். போட்டோஸின் பெயர் சிவப்பில் 'நொட் ரெஸ்பொண்டிங்' என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். பதில் சொல்லவில்லை என்றுதான் அது சொல்கிறது. செத்துவிட்டது என்று சொல்லவில்லை.

அப்படியானால் சார்ஜரைக் குத்துங்கள், மூடியைத் திறந்தபடி விடுங்கள். மூடினால் மக் தூங்கிவிடும், வேலையும் நின்றுவிடும். சிஸ்டம் செட்டிங்ஸில் பட்டரி, அதற்குள் ஒப்ஷன்ஸ் என்று போனால், சார்ஜரில் இருக்கும்போது தானாகத் தூங்காமல் தடுக்கும் ஒரு பட்டன் உண்டு. அதையும் போடுங்கள்.

நான் என்ன செய்தேன்? பத்து நிமிடத்தில் பொறுமை போய் மூன்று தடவை பலவந்தமாக மூடினேன். நாலாவது தடவை பவர் பட்டனை அமத்திப் பிடித்து மக்கையே நிறுத்தினேன். பாதி மாற்றிய லைப்ரரி அப்போதுதான் குழம்பியது என்று இப்போது விளங்குகிறது.

எந்தப் பெயரும் அசையவில்லை, எல்லாம் பூச்சியத்தில் நிற்கிறது, ஓரிரு மணி நேரமாக ஒரு மாற்றமும் இல்லை என்றால் மட்டும் ஒப்ஷன், கொமாண்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தி, வரும் பட்டியலில் போட்டோஸைத் தெரிந்து மூடுங்கள். ஒரே தடவை.

3. ஒரேயொரு படம்தான் அவசரம் என்றால்

அச்சகம் காத்திருக்கிறது, தபால் அடையாள அட்டைக்குப் படம் வேண்டும், கடவுச்சீட்டு வேலை இருக்கிறது. இப்படியானவர்கள் போட்டோஸ் திருந்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

படங்களை அப்பிளின் இணையச் சேமிப்பில் வைக்கும் ஐகிளவுட் போட்டோஸ் போட்டிருந்தால் எந்தக் கணினியிலும் பிரவுசரில் ஐகிளவுட் தளத்துக்குப் போய்ப் படத்தை இறக்கலாம். போனிலும் இருக்கும். அது இல்லாதவர்களுக்குத்தான் அடுத்த வழி.

ஃபைண்டரில் 'பிக்சர்ஸ்' போல்டருக்குள் 'போட்டோஸ் லைப்ரரி' என்று ஒன்று இருக்கும். பார்க்க ஒரு கோப்பு மாதிரி இருந்தாலும் அது ஒரு பெட்டி. அதில் வலது பக்கமாக அமத்தி 'ஷோ பக்கேஜ் கொண்டென்ட்ஸ்' என்பதைத் தெரிந்தால் உள்ளே 'ஒரிஜினல்ஸ்' என்று ஒரு போல்டர். அதற்குள் 0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையும் பதினாறு போல்டர்கள். உங்கள் படங்கள் எல்லாம் அங்கேதான், ஆனால் பெயர்கள் வாயில் நுழையாத நீண்ட குறியீடுகள். சின்னப் படங்களாகக் காட்டும் முறைக்கு மாற்றி ஒவ்வொரு போல்டராகப் பார்க்க வேண்டும். தேதியை நம்பித் தேடாதீர்கள்; சில வேளை அது படம் எடுத்த நாளாக இல்லாமல் மக்குக்கு வந்த நாளாக இருக்கும். மாமாங்கத் தீர்த்தத்தன்று அம்மப்பாவை எடுத்த படத்தை ஒன்றரை மணி நேரம் தேடினேன். 'பி' என்ற போல்டரில் கிடந்தது.

கவனம்: அதே டிஸ்க்குக்குள் கோப்பை இழுத்துப் போட்டால் அது பிரதியாகாது, இடம் மாறிவிடும். லைப்ரரிக்குள்ளிருந்து ஒரு படத்தை வெளியே இழுத்தால் போட்டோஸுக்கு அந்தப் படம் இல்லை. கொமாண்ட் சி, பிறகு டெஸ்க்டொப்பில் கொமாண்ட் வி. அதற்கு மேல் உள்ளே எதையும் தொடவோ பெயர் மாற்றவோ வேண்டாம். போட்டோஸில் நீங்கள் வெட்டி, வெளிச்சம் கூட்டிச் செய்த திருத்தங்களும் இங்கே இருக்காது. மூலப் படம்தான் கிடைக்கும்.

ஐபோனில் எடுத்த படம் 'ஹெயிக்' வகையாக இருந்தால் அச்சகத்துக் கணினியில் திறக்காமல் போகலாம். எனக்குத் திறக்கவில்லை. படத்தில் வலது பக்கமாக அமத்தி, 'குவிக் அக்ஷன்ஸ்' என்பதற்குள் 'கொன்வேர்ட் இமேஜ்' தெரிந்து ஜேபெக் ஆக்கிக் கொண்டுபோங்கள். இரண்டாவது தடவை பஸ் ஏறத் தேவையில்லை.

4. எந்த ரிப்பேருக்கும் முன் முழுப் பிரதி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலில் மக்கில் மிச்ச இடம் எவ்வளவு என்று பாருங்கள்: சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஸ்டோரேஜ். என் மக் 256 ஜிபி. மிச்சம் இருந்தது 3 ஜிபி. லைப்ரரியை மாற்றுவதற்கே போட்டோஸுக்குத் தற்காலிக இடம் வேண்டும். மூச்சுவிட இடமில்லாத அறைக்குள் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்ன மாதிரித்தான் நான் அதைப் படுத்தியிருக்கிறேன். டவுன்லோட்ஸில் கிடந்த சினிமாப் படங்களையும் பழைய வீடியோக்களையும் எறிந்து 30 ஜிபி வரை இடமெடுத்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும், மறக்காதீர்கள்.

இனி ஹாட்டிஸ்க். நான் வாங்கிய 1 டிபி டிஸ்க்குக்கு 19,500 ரூபா போனது. விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், ஆகவே மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இரண்டு கடை கேளுங்கள். விலையை விட முக்கியமானது, டிஸ்க் எந்த வகையில் போர்மட் செய்யப்பட்டிருக்கிறது என்பது. கடையில் விற்பவை பெரும்பாலும் விண்டோஸுக்கு ஏற்றபடி வரும். 'என்டிஎஃப்எஸ்' வகை என்றால் மக் வாசிக்கும், ஆனால் எழுதாது. 'எக்ஸ்ஃபட்' என்றால் எழுதும், ஆனால் போட்டோஸ் லைப்ரரியை வைக்க அது ஏற்றதல்ல. வேண்டியது 'ஏபிஎஃப்எஸ்' அல்லது 'மக் ஓஎஸ் எக்ஸ்டென்டட்'. பென் டிரைவ், மெமரி கார்ட் இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம்.

டிஸ்க் யூட்டிலிட்டியில் வெளி டிஸ்க்கைத் தெரிந்து 'இரேஸ்' என்று கொடுத்து ஏபிஎஃப்எஸ் ஆக்கலாம். அமத்துவதற்கு முன் எந்தப் பெயர் தெரிந்திருக்கிறது என்று இரண்டு தடவை பாருங்கள். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும், ஆகவே புது டிஸ்க்கில் மட்டும் செய்யுங்கள். இப்படிச் செய்த டிஸ்க் மற்றவர்களின் விண்டோஸ் லப்டொப்பிலோ வீட்டு டிவியிலோ திறக்காது. யாராவது படம் ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டால் தப்பிக்க நல்ல சாட்டும்கூட.

பிறகு போட்டோஸை மூடிவிட்டு, பிக்சர்ஸ் போல்டரிலுள்ள லைப்ரரியை அப்படியே டிஸ்க்குக்கு இழுத்துவிடுங்கள். டிஸ்க் வேறு என்பதால் இந்த முறை அது பிரதியாகத்தான் போகும். 180 ஜிபிக்கு எனக்கு இரண்டரை மணி நேரம். மாரி மாதங்களில் இதைச் செய்கிறவர்கள் இடி மின்னல் இல்லாத பொழுது பாருங்கள். மக்புக்குக்குப் பட்டரி இருக்கிறது. தனி மின்சாரத்தில் ஓடும் பெரிய ஹாட்டிஸ்க்குக்கு இல்லை. கரண்ட் ஒரு செக்கன் போய் வந்தாலும் பிரதி பாதியில் அறுந்துவிடும்.

முடிந்ததும் இரண்டின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. சிஸ்டம் செட்டிங்ஸில் உங்கள் பெயர், ஐகிளவுட், போட்டோஸ் என்று போனால் 'ஒப்டிமைஸ் மக் ஸ்டோரேஜ்' என்று ஒன்றிருக்கும். அது போடப்பட்டிருந்தால் பல மூலப் படங்கள் உங்கள் மக்கில் இல்லை, ஐகிளவுட்டில்தான் இருக்கின்றன. நீங்கள் எடுத்த பிரதியிலும் அவை முழுமையாக இருக்காது. அப்படியானவர்கள் ஐகிளவுட் கணக்கைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். இடம் எடுக்கிறேன் என்று ஐகிளவுட்டில் படம் அழித்தால் போன், மக் எல்லாவற்றிலும் அழியும். 30 நாள் வரை 'ரீசன்ட்லி டிலீட்டட்' என்பதில் கிடக்கும், அதற்குப் பிறகு இல்லை.

5. பிழை செயலியிலா, லைப்ரரியிலா?

ஒப்ஷன் விசையை அமத்திப் பிடித்தபடி போட்டோஸைத் திறவுங்கள். எந்த லைப்ரரி வேண்டும் என்று கேட்கும். 'கிரியேட் நியூ' கொடுத்து வெறும் லைப்ரரி ஒன்றைத் தொடங்கி, இரண்டு மூன்று படம் போட்டுப் பாருங்கள்.

புதியது நன்றாகத் திறந்தால் போட்டோஸில் பிழையில்லை, பழைய லைப்ரரி குழம்பியிருக்கிறது. 6ஆம் படிக்குப் போங்கள். புதியதும் சுற்றிக்கொண்டே நின்றால் 7க்குப் போங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நான் அரை நாள் இருட்டில் தடவினேன். ஒன்று: 'யூஸ் அஸ் சிஸ்டம் போட்டோ லைப்ரரி' என்று எங்காவது கண்டால் இந்தப் பரிசோதனை லைப்ரரிக்கு அதை அமத்த வேண்டாம். ஐகிளவுட் அந்த ஒரு லைப்ரரியோடுதான் ஒட்டும்.

6. ரிப்பேர்

போட்டோஸை மூடுங்கள். ஒப்ஷன், கொமாண்ட் இரண்டையும் அமத்திப் பிடித்தபடி திறவுங்கள். ரிப்பேர் செய்யட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும், பாஸ்வேட்டும் கேட்கலாம். கொடுத்துவிட்டு எழும்பிப் போங்கள்.

எனக்கு இரவு ஒன்பதுக்குத் தொடங்கி விடிய நாலு மணிக்கு முடிந்தது. கோடு ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றது. இந்த முறை நான் தொடவில்லை. முடிந்ததும் போட்டோஸ் தானாகத் திறந்தது. சில ஆல்பங்களின் பெயர் மாறி, கொஞ்சப் படங்கள் தனியாக ஒதுங்கிக் கிடந்தன. படங்கள் எல்லாம் இருந்தன.

ஐகிளவுட் பாவிக்கிறவர்களுக்கு இதன் பிறகு எல்லாவற்றையும் திரும்பவும் ஒத்துப் பார்க்கும் வேலை தொடங்கும். டொங்கிளிலோ போன் ஹொட்ஸ்பொட்டிலோ இருந்தால் வைஃபையை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் மாதத்து டேட்டா ஒரே இரவில் கரைந்துவிடும். இரவு டேட்டா தனியாக இருக்கும் பக்கேஜ் என்றால் அந்த நேரத்துக்கு விடுங்கள்.

7. அதுவும் சரிவராவிட்டால்

டிஸ்க் யூட்டிலிட்டியில், டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் 'ஃபர்ஸ்ட் எயிட்' ஓடவிடுங்கள். பிறகு சேஃப் மோட், அதாவது அவசியமானவற்றை மட்டும் ஏற்றி மக்கைத் தொடங்கும் முறை. எபவுட் திஸ் மக்கில் 'சிப்' என்று அப்பிளின் எம் வகை ஒன்று இருந்தால்: மக்கை நிறுத்தி, பவர் பட்டனை விடாமல் அமத்திப் பிடியுங்கள், தொடங்கும் தெரிவுகள் வந்ததும் டிஸ்க்கைத் தெரிந்து, ஷிஃப்டை அமத்தினால் 'கொன்டினியூ இன் சேஃப் மோட்' வரும். இன்டெல் மக் என்றால் தொடங்கும்போதே ஷிஃப்டைப் பிடித்திருந்தால் போதும். சேஃப் மோடில் போட்டோஸ் திறந்தால், நீங்கள் பிறகு ஏற்றிய ஏதோவொன்று இடித்திருக்கக்கூடும். மக்கைச் சுத்தம் செய்கிறோம் என்று வரும் இலவசச் செயலிகளை முதலில் கழற்றுங்கள்.

பழைய அப்டேட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். புதிய முறைக்கு மாறிய லைப்ரரியைப் பழைய போட்டோஸ் திறக்காது. மக்கின் பிரதி எடுக்கும் வசதியான டைம் மெஷினில் அப்டேட்டுக்கு முந்திய பிரதி இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

8. கடைக்குக் கொண்டுபோவதென்றால்

நான் புதன் மத்தியானமே ஓடினேன், அதுவும் பிரதி இல்லாமல். பார்க்க 2,500 ரூபா. பார்த்துவிட்டு, "ஃபுல்லா போர்மட் அடிக்கணும், படம் எடுத்துத் தாறதெண்டா இருபத்தைஞ்சு" என்றார்கள். இருபத்தையாயிரம்! நல்ல வேளை, கையில் காசில்லை.

போகத்தான் வேண்டுமென்றால் 4ஆம் படியை முடித்து, பிரதி எடுத்த டிஸ்க்கை வீட்டிலே வைத்துவிட்டுப் போங்கள். கொடுக்கும் துண்டில் சீரியல் இலக்கம், பிரச்சினை, 'கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம்' மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பாஸ்வேட்டைத் துண்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். குடும்பத்துப் பிள்ளைகளின் படங்கள் உள்ள லப்டொப்பை இரவு முழுக்கக் கடையில் விட எங்கள் பக்கத்தில் பலருக்கு மனமில்லை, எனக்கும்தான். பக்கத்தில் கதிரை போட்டு இருங்கள்; விடமாட்டேன் என்கிற கடைக்கு நீங்களும் லப்டொப்பை விட வேண்டாம்.

விண்டோஸ்காரருக்கு

உங்கள் படங்கள் சாதாரணப் போல்டர்களில்தான் இருக்கின்றன; போட்டோஸ் அவற்றைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அவசரத்துக்குப் படத்தில் வலது பக்கமாக அமத்தி 'ஓபன் வித்' கொடுத்து பெயின்டில் திறவுங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அப்ஸ், 'இன்ஸ்டோல்ட் அப்ஸ்', அதில் போட்டோஸுக்கு நேரேயுள்ள மூன்று புள்ளி, 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்'. முதலில் 'டேர்மினேட்', பிறகு 'ரிப்பேர்'. சரிவராவிட்டால் 'ரீசெட்', செயலியின் அமைப்புகள்தான் போகும், படங்கள் போகாது. மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் போட்டோஸுக்கு அப்டேட் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

9. அடுத்த அப்டேட்டுக்கு முன்

சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், 'சொஃப்ட்வெயார் அப்டேட்', தானாக நடப்பவற்றின் பட்டியல். அதில் மக் ஓஎஸ் அப்டேட்டைத் தானாக ஏற்றுவதை நிறுத்துங்கள், பாதுகாப்புக்கானதை விட்டுவையுங்கள். முக்கியமான ஒரு வேலைக்கு முந்திய வாரம் பெரிய அப்டேட் போடாதீர்கள். போடுவதென்றால் வெள்ளி இரவு, பிரதி எடுத்த பிறகு, 30 ஜிபியாவது இடம் இருக்கும்போது.

எங்கள் வீட்டில் இப்போது டிஸ்க் இரண்டு. ஒன்று என் மேசை லாச்சியில். மற்றது கடலிலிருந்து தள்ளி, செங்கலடியில் பெரியம்மா வீட்டு அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் கொண்டுபோய் மாற்றிவிட்டு வருகிறேன். போகும்போதெல்லாம் நினைவு மலரை எடுத்து, படத்தில் அம்மப்பாவின் தோள் துண்டு ஏன் இவ்வளவு மங்கலாக விழுந்திருக்கிறது என்று பெரியம்மா கேட்பார். அது அச்சகத்து மை, போட்டோஸில் பிழையில்லை என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.